பார்வையற்ற சிறுவர்கள் ஆடிய சதுரங்கம் டிரா ஆனது எப்படி?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பார்வையற்ற என் மகனுடைய ஆட்டத்தில் ராஜாவும் மந்திரியும் (ராணி) மிச்சமிருக்க, எதிராளி மந்திரியால் திரும்பத் திரும்பச் செக் வைத்ததும் டிரா என்று நிறுத்திவிட்டார்கள். சரியா?"

சரிதான் அக்கா. நீங்கள் சொன்னபடி, எதிராளி மந்திரியால் திரும்பத் திரும்பச் செக் வைத்திருக்கிறான், அதாவது ராஜாவைத் தாக்கியிருக்கிறான். இப்படிக் காய்கள் நிற்கும் ஒரே நிலை, அதே ஆள் நகர்த்த வேண்டிய முறையோடு மூன்று தடவை வந்தால் டிரா கேட்கலாம். அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. ஆனால் வாய்திறந்து கேட்க வேண்டும். ஐந்தாவது தடவை வந்தால்தான் நடுவர் தாமாக நிறுத்துவார்.

பார்க்காமல் எப்படித் தெரியும்? இருவருக்கும் தனித்தனிப் பலகை. கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் காயைச் செருகத் துளை, கறுப்புக் காய்களுக்குத் தடவினால் தெரியும் அடையாளம். துளையிலிருந்து எடுத்தால்தான் காயைத் தொட்டதாகக் கணக்கு, அதனால் விரல்கள் தாராளமாகத் தடவலாம். நகர்த்தியதும் சத்தமாகச் சொல்ல வேண்டும்: மேலிருந்து கீழாக ஓடும் ஈ வரிசைக்கு 'ஈவா', எச் வரிசைக்கு 'ஹெக்டர்', கூடவே கட்டத்தின் எண். மந்திரி ஈவா எட்டு, ஹெக்டர் ஐந்து, மறுபடி ஈவா எட்டு என்று காதில் விழும்போதே பிள்ளைக்குப் புரிந்துவிடும். நகர்வுகள் பிரெய்லியிலோ ஒலிப்பதிவிலோ இருப்பதால் நடுவரும் சரிபார்க்கலாம்.

தோற்கும் நிலையிலிருந்து இப்படித் தப்பிப்பது நல்ல ஆட்டம். எதிராளிப் பையனையும் பாராட்டுங்கள்.