வெளிநாட்டு உள்ளாட்சி மன்றங்களைப் போல நம் ஊராட்சிகளும் மது, கேளிக்கை உரிமக் கொள்கையை மறுபரிசீலனை செய்ய முடியுமா?

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் மதுக்கடைக்கும் கேளிக்கை நிகழ்ச்சிக்கும் உரிமம் வழங்கும் கொள்கையை மக்களிடம் கருத்துக் கேட்டு அவ்வப்போது திருத்துகின்றன, நம் ஊராட்சிகளால் அது முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றுள்ள சட்டப்படி முடியாது. முடிய வேண்டும் என்பது என் கருத்து. 2011 முதல் 2016 வரை சேரன்மகாதேவிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் வார்டு உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அங்குள்ள ஏற்பாடு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் தன் கொள்கையை அறிக்கையாக வெளியிட வேண்டும். குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை காவல்துறை, தீயணைப்புத் துறை, வணிகர்கள், குடியிருப்போர் ஆகியோரிடம் கருத்துக் கேட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும். குற்றத் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, தொல்லைத் தடுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு என்ற நான்கு நோக்கங்களே அளவுகோல். ஒரே தெருவில் கடைகள் பெருகிவிட்டால் அவற்றின் கூட்டு விளைவைக் கணக்கில் எடுக்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் அதே 2003ஆம் ஆண்டில்தான் பெரிய மாற்றம் நடந்தது. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனத்திடம் சில்லறை விற்பனையும் வந்து சேர்ந்தது. கடை எங்கே அமையலாம் என்பதற்கு அப்போது எழுதப்பட்ட விதி, வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஊர் மக்கள் அதை விரும்புகிறார்களா என்று முன்கூட்டியே கேட்கும் கடமை அந்த விதியில் அப்போது எவருக்கும் இருக்கவில்லை. மனமகிழ் மன்றம் என்ற பெயரில் வரும் மதுக்கூடங்களுக்கும் உரிமம் தருவது மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறைதான், ஊராட்சி தருவதில்லை.

இதன் விளைவை நான் நேரில் கண்டது 2017இல். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள்ளும், 20,000 பேருக்கு மிகாத உள்ளாட்சிகளில் 220 மீட்டருக்குள்ளும் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சாலை விபத்துகளைக் குறைக்கப் பிறந்த நல்ல தீர்ப்பு அது. ஆனால் சாலையோரத்தில் மூடப்பட்ட கடைகள் ஊருக்குள் இடம் தேடின. அந்த நேரத்தில் எங்கள் ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. எங்கள் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் மீண்டும் நடந்தது 2021 அக்டோபரில்தான். இடைப்பட்ட ஐந்தாண்டும் தனி அலுவலர்களின் நிர்வாகம். கடை வரப்போகிறது என்பது கட்டடத்துக்குக் கம்பிக் கதவு பொருத்தியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கட்டடம் இருந்த பாதையில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் பீடி கொடுக்கப் போவார்கள். பகலெல்லாம் மடியில் சுளகை வைத்துச் சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டாக அடுக்கி எடுத்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் கூட்டமாக நடப்பார்கள். சனிக்கிழமை கூலி வாங்கித் திரும்புகிற நாள். கடை திறந்த இரண்டாவது சனிக்கிழமையிலிருந்து அவர்கள் வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி வரத் தொடங்கினார்கள். மனு கொடுத்தோம், அளக்க வந்தார்கள். டேப்பைத் தார்ச்சாலை வளைவுகளோடு ஓட்டியபோது பள்ளிக்கூட வாசலுக்கு 100 மீட்டருக்குச் சற்று மேலே வந்தது. பிள்ளைகள் அன்றாடம் நடக்கும் வரப்புப் பாதையை எவரும் அளக்கவில்லை. எந்தப் பாதை எங்கள் பாதை என்பதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு இருந்திருந்தால், அந்த இடம் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருக்கும்.

கிராம சபையில் தீர்மானம் போடலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். போட்டோம். அப்போது கிராம சபை வழக்கமாகக் கூடிய ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் மதுக்கடைக்கு விடுமுறை நாள் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அன்று எங்கள் தெரு அமைதியாக இருந்தது. கூட்டத்தில் ஓர் ஆச்சி எழுந்து, "எய்யா, கடை பூட்டிக் கெடக்க அன்னைக்கே கூட்டத்த வச்சா, வந்திருக்கவுகளுக்கு எங்க பாடு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தீர்மானம் பதிவேட்டில் ஏறியது. ஆனால் அது அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம். கடையை மூடும் ஆணை ஆகாது.

வேறு வழியே இல்லையா என்றால், இந்தியாவிலேயே இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம், மதுவைத் தடுக்கவும் முறைப்படுத்தவும் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் தரச் சொல்கிறது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது. மகாராஷ்டிரத்தில் பெண் வாக்காளர்களில் கால் பங்கினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். நிற்கும் பாட்டில், கிடக்கும் பாட்டில் என்று இரண்டு சின்னங்கள். பாதிக்கு மேல் கிடக்கும் பாட்டிலுக்கு விழுந்தால் கடை மூடப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தீர்ப்புச் சொல்லக்கூடிய அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேளிக்கையைப் பற்றியும் கேட்டிருப்பதால் எங்கள் கோயில் கொடை விழாவைச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி வைக்கவும் நிகழ்ச்சி நடத்தவும் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குகிறோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். மாநில அரசு விரும்பினால் திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் நள்ளிரவு வரை தளர்த்தலாம். சுடலைமாடனுக்குச் சாமக்கொடை நள்ளிரவில்தான். வில்லிசைக் கலைஞர் சாமியை அழைக்கும் வரத்துப் பாடி, மகுடம் என்னும் தோல்கருவி முழங்கிச் சாமி இறங்கும் நேரம் அது. ஊருக்கு ஊர் கொடை வெவ்வேறு நாளில் வரும்போது, அந்த 15 நாள் எந்த ஊருக்குப் போதும்? இரைச்சலில் தூங்க முடியாத நோயாளியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வில்லுப்பாட்டையும், சாதிப் பெருமைப் பாட்டுக்கு ஆடவிட்டுக் கைகலப்பில் முடியும் ஆடல் பாடல் நிகழ்ச்சியையும் ஒரே விண்ணப்பமாகப் பார்ப்பது பெரும் பிழை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மதுக்கடை மூடுவதும் இரவு 10 மணிக்கே என்பதால், கொடையன்று பாட்டு நிற்கும் அதே வேளையில் கடைக் கூட்டம் கோயில் திடலுக்கு வந்து சேருகிறது. இந்த இரண்டு நேரங்களையும் சேர்த்து யோசிக்கும் பொறுப்பு இன்று எந்த ஒரு மேசைக்கும் இல்லை. ஊராட்சியிடம் அது இருந்தால், கொடை நடக்கும் மூன்று நாளும் கடையை முன்னதாக மூடச் சொல்லியிருப்போம்.

எங்கள் ஊர்க் கடை, பெண்கள் பல நாள் வாசலில் உட்கார்ந்த பிறகு, 2018இல் கால்வாய்க்கு அப்பால் வெறும் தரிசாகக் கிடந்த இடத்துக்கு மாற்றப்பட்டது. அன்று அது சரியான இடமே. இப்போது அந்தத் தரிசு வீட்டுமனைகளாகி, கடைக்கு எதிர்ப்புறம் இரண்டு தெருக்கள் வந்துவிட்டன. அந்த மாற்றத்துக்குப் பின் அந்த இடத்தை ஒருமுறைகூட எவரும் மீண்டும் அளக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்ற விதி நமக்கு இல்லை. அந்தத் தெருக்காரர்கள் அடுத்த கிராம சபைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் நடக்கும் பாதையையும் பெண்கள் பீடி கொண்டுபோகும் பாதையையும் குறித்து வரைபடம் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன்.