பொட்டாசியம் ஏறாவிட்டால் மக்னீசியத்தைப் பாருங்கள்: கேள்விகளும் டொக்டரின் பதில்களும்

வெள்ளவத்தை, உயர்தர உயிரியல் மாணவி: கலத்திலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்பிக்கு மக்னீசியம் எதற்கு, சேர்?

கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யைப் பம்பி தனியாக எடுக்காது; மக்னீசியம் பிணைந்த ஏ.டி.பி.தான் அதற்கு வேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. வெளியே சோடியம் லீற்றருக்கு 140 மில்லிமோல், இதயத்தசைக் கலத்துக்குள் 10 அளவில்தான். சோடியம்-கல்சியம் பரிமாற்றி இந்த வித்தியாசத்தை வைத்தே ஓடுகிறது: மூன்று சோடியம் உள்ளே வர ஒரு கல்சியம் வெளியே போகும்.

பம்பி தளர்ந்தால் உள்ளே சோடியம் ஏறும், கல்சியம் தேங்கும். பம்பியைத் தளர்த்தும் இதய மருந்தான டிஜொக்சின் இதயத்தை இறுக்கி அடிக்க வைப்பதும் இப்படித்தான். அளவு மிஞ்சினால் கலத்தின் கல்சியச் சேமிப்பு நேரங்கெட்டுக் கசியும். அந்தக் கசிவை வெளியேற்றும் பரிமாற்றி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நேர் ஏற்றத்தை உள்ளே கொண்டுவருவதால், கேட்காத துடிப்பொன்று கிளம்பும். சேமிப்பின் கல்சியக் கால்வாயை அடக்கிவைப்பதும் மக்னீசியம்தான். ஆக, டிஜொக்சின் எடுப்பவருக்கு மக்னீசியம் குறைவது இரட்டை ஆபத்து.

கொட்டாஞ்சேனை, தாதி: நீர் போக்கும் மருந்தான ஃபுரோசமைட் எடுக்கும் நோயாளி. பொட்டாசியம் கொடுத்தும் லீற்றருக்கு 3.0 மில்லிமோலைத் தாண்டவில்லை, டொக்டர்.

மக்னீசியம் பார்த்தீர்களா? ஃபுரோசமைட் இரண்டையும் சேர்த்தே வெளியேற்றும். சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் கால்வாயை உள்ளிருந்து அடைத்து நிற்பது மக்னீசியம். அது குறைந்தால் நீங்கள் கொடுப்பதெல்லாம் சிறுநீரில் போய்விடும். இரண்டையும் சேர்த்து நிரப்ப வேண்டும். நோயாளி வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் நெடுநாள் எடுத்தவரென்றால் மக்னீசியக் குறைவென்ற சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மக்னீசியத்தை நாளத்தில் ஏற்றும்போது முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் அளவு மூன்றையும் கவனியுங்கள். அனிச்சை மறைந்தால் உடனே நிறுத்துங்கள். மாற்று மருந்தான கல்சியம் குளுக்கோனேற் கையருகே இருக்கட்டும்.

தெஹிவளை: அப்பாவின் ரிப்போட்டில் மக்னீசியம் 0.8. பயப்படத் தேவையில்லைதானே?

லீற்றருக்கு 0.7 முதல் 1.0 மில்லிமோல் வரை வழமையான அளவு. ஆனால் உடலின் மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் குருதி நீர்ப்பாயத்தில் இல்லை. குறைவென்று வந்தால் நம்பலாம். சரியென்று வந்தால் முழுக்க நம்ப முடியாது. நீர் போக்கும் மாத்திரை எடுத்து, துடிப்பும் தவறுகிறதென்றால் ஈசிஜி எடுத்துக் காட்டுங்கள்.

பம்பலப்பிட்டி: வெக்கைக்குச் செவ்விளநீரும் மக்னீசியம் மாத்திரையும் எடுக்கலாமா?

செவ்விளநீரில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது ஈடுசெய்யாது. மக்னீசியம் மாத்திரை கூடினால் வயிற்றோட்டம் வரும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இரண்டையும் தொடவேண்டாம்.