கொப்பியை யார் பார்க்கிறார்? – வாசகர் கேள்வி பதில்

தவணைப் பரீட்சைப் புள்ளி வீட்டுக்கு வந்தால் எனக்குக் கடிதமும் வந்துவிடும். இந்த முறை கணித ரியூசன் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம், அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் மகள் தரம் 10. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 31 புள்ளி, மற்றப் பாடமெல்லாம் 60க்கு மேலே. இங்கே பெயர் எடுத்த ஒரு சேரிடம் 200 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள், மைக்கில்தான் படிப்பிக்கிறார், அவரிடம் போய் 'ஏ' எடுத்தவர்கள் நிறையப் பேர். இன்னொரு பக்கம், அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கணிதம் எடுக்கிற ஆசிரியரே வீட்டில் 15 பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கிறார். மூன்றாவது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவதாகச் சொல்கிறான். கத்தாரில் இருக்கிற என் கணவர் பெரிய வகுப்பிலேயே விடு என்கிறார். எதில் விடுவது?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, எந்த வகுப்பு என்று முடிவெடுக்க முதல் ஒரு வேலை இருக்கிறது. அந்த 31 புள்ளி வாங்கிய விடைத்தாளை எடுத்து மகளோடு இருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. பிழைத்த கணக்கு ஒவ்வொன்றையும் காட்டி, "இதை எப்படிச் செய்தாய் என்று எனக்குச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள், ஏசாமல். எந்த இடத்தில் அவள் வாய் தடுமாறுகிறது என்று கவனியுங்கள். கேள்வியே விளங்கவில்லையா, தொடங்கிவிட்டு நடுவில் நின்றாளா, கடைசிவரை போய் விடை பிழைத்ததா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

தரம் 10இல் முப்பதுகளில் நிற்கிற பிள்ளைகளின் விடைத்தாளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அங்கே பிழை அநேகமாகத் தரம் 10 பாடத்தில் இருக்காது. உதாரணத்துக்கு, 5 − 2(x − 3) = 3 என்று ஒரு சமன்பாடு. பிள்ளை அடைப்பை நீக்கி 5 − 2x − 6 = 3 என்று எழுதி, x = −2 என்று முடித்து, அடியில் இரண்டு கோடும் போட்டிருப்பாள். அடைப்புக்கு வெளியே நிற்கிற சய இரண்டு உள்ளே இருக்கிற சய மூன்றைப் பெருக்கினால் சக ஆறு வரவேண்டும், விடை 4. சமன்பாடு தீர்க்கிற முறை அவளுக்குத் தெரியும், பக்கம் மாற்றியது சரி, வகுத்தது சரி. திசைகொண்ட எண்கள்தான் சரியாகப் பிடிபடவில்லை, அது கீழ் வகுப்புச் சங்கதி. இதே சய இருபடிச் சமன்பாட்டில் வந்து பிழைக்கும், வரைபுக்கு அட்டவணை நிரப்பும்போது பிழைக்கும், அப்புறம் பரவளைவு ஒரு பக்கம் கோணலாகப் போகும், பிள்ளை "எனக்கு வரைபு வராது" என்று சொல்லிக்கொண்டு திரியும். பின்னமும் அப்படித்தான். x/2 + x/3 என்பதை 2x/5 என்று எழுதுகிற பிள்ளைக்கு அட்சரகணிதப் பின்னம் எத்தனை தரம் படிப்பித்தாலும் ஏறாது, பொது மடங்கை யாராவது திரும்ப விளங்கப்படுத்தும்வரை.

இப்போது உங்கள் மூன்று வகுப்புக்கும் வருவோம். மைக் பிடித்த சேர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், 200 பிள்ளைகளில் உங்கள் மகள் சயவில் பிழை விடுகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் போர்ட்டில் செய்வதை அவள் நிறம் நிறமான பேனையால் வடிவாகப் பார்த்து எழுதுவாள், கொப்பி நிறையும், உங்களுக்கும் பார்க்கச் சந்தோசமாக இருக்கும், அடுத்த தவணையில் 33 வரும். சந்தியில் கட்டுகிற பெனரில் 'ஏ' எடுத்தவர்களின் படம் இருக்கிறது, சரி, அதே வாங்கில் இருந்து 'டபிள்யூ', அதாவது சித்தியில்லை, எடுத்தவனின் படத்தை யார் போடப் போகிறார்கள்? 'ஏ' எடுத்ததில் பலர் அங்கே போகும்போதே 65, 70 எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களுக்கு அந்த வேகம் சரி, குறுக்கு வழியும் பேப்பர் பயிற்சியும்தான் அவர்களுக்குத் தேவை. உங்கள் மகளுக்கு இப்போது அது வேண்டாம்.

பள்ளிக்கூட ஆசிரியர் வகுப்பைப் பற்றி ஒன்று சொன்னால் சிலருக்குச் சுடும், பரவாயில்லை. பகலில் பள்ளியில் அவளுக்கு விளங்காமல் போனதை அவரே பின்னேரம் காசுக்கு விளங்கப்படுத்துகிறார் என்றால் அது எனக்குப் பிடிக்காத வியாபாரம். அதைவிட நடைமுறைச் சிக்கலும் உண்டு, காலையில் விளங்காத அதே விளக்கத்தைப் பின்னேரம் திரும்பக் கேட்டு என்ன பயன்? ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. உண்மையிலேயே பின்தங்கிய பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் படிப்பிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். 15 பிள்ளைகள் என்பது நல்ல அளவு. போய்க் கேளுங்கள், பள்ளிப் பாடத்தைத்தான் திரும்ப எடுக்கிறாரா, இல்லை ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் வாங்கித் திருத்துகிறாரா என்று.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு அந்தச் சொந்தக்காரப் பெடியன். ஆனால் தரம் 10 பாடத்தைத் தொட வேண்டாம் என்று அவனிடம் முதலே சொல்லிவிடுங்கள். மூன்று நான்கு மாதம் திசைகொண்ட எண்கள், பின்னம், சதவீதம், அடைப்பு நீக்கல், காரணிப்படுத்தல், எளிய சமன்பாடு, இவ்வளவும்தான். தரம் 8, 9 புத்தகங்களே போதும், வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கிடக்கும், கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்திலும் இறக்கலாம். பெடியனுக்குப் பரீட்சைக் காலம் வந்தால் ஒரு மாதம் ஆளைக் காணக் கிடைக்காது, அதையும் கணக்கில் வையுங்கள். சொந்தக்காரன் என்று காசு கொடுக்காமல் விடாதீர்கள், சும்மா வருகிறவனிடம் "ஏன் நேற்று வரவில்லை" என்று கேட்க முடியாது. அடிப்படை பிடிபட்ட பிறகு சிறிய வகுப்பு ஒன்றில் சேர்க்கலாம். பெரிய சேரிடம் தரம் 11இன் கடைசி மாதங்களில் பேப்பர் வகுப்புக்கு மட்டும் போகட்டும், கத்தாரில் இருப்பவரும் சந்தோசப்படுவார்.

எந்த வகுப்பில் விட்டாலும் இரண்டு கிழமை கழித்துக் கொப்பியைத் திறந்து பாருங்கள். மகளின் கையெழுத்தைத் தவிர இன்னொருவரின் பேனை அதில் பட்டிருக்கிறதா? ஒரு சிவப்புச் சுழி, ஓரத்தில் "இங்கே குறியைப் பார்" என்று ஒரு வரி, ஏதாவது? ஒன்றுமே இல்லாமல் பக்கம் பக்கமாகச் சுத்தமாக இருந்தால் அந்தக் காசு வீண்.

பயப்படவும் வேண்டாம். தரம் 11 முடித்து எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் 35 எடுத்தால் 'எஸ்', அதாவது சாதாரண சித்தி, 50 என்றால் 'சி', அதாவது திறமைச் சித்தி. உயர்தரம் போகக் கணிதம் சித்தியடைய வேண்டும் என்பதால்தான் எல்லாரும் இப்படிப் பதறுகிறோம், ஆனால் 31 என்பது கரைக்குக் கிட்டத்தான் நிற்கிறது. முதலாம் பத்திரத்தின் ஏ பகுதியில் 25 சிறு கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு புள்ளி, மொத்தம் 50. அதில் பெரும்பகுதி அடிப்படைதான். விடை பிழைத்தாலும் சரியான படி எழுதியிருந்தால் ஒரு புள்ளி கிடைக்கிற கேள்விகளும் இருக்கின்றன, ஆகவே மனக்கணக்காகச் செய்துவிட்டு விடையை மட்டும் எழுதுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிற்பாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் தரம் 11. கல்முனையில் ஒரு கணித வகுப்பு, ஊரில் இன்னொன்று, சனிக்கிழமைகளில் செமினார். மூன்றுக்கும் காசு கட்டியும் புள்ளி 50க்கு மேலே ஏறவே இல்லை. நான்காவதாக ஒரு தனி வகுப்பும் போடலாமா என்று யோசிக்கிறேன்.
– ஒரு தகப்பன், நிந்தவூர்

பதில்: போடாதீர்கள். இருக்கிறதில் ஒன்றைக் குறையுங்கள். பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, வகுப்புக்கு ஓடி, மஃரிபுக்குப் பிறகு இன்னொரு வகுப்புக்குப் போய் வருகிற பிள்ளை தானாக ஒரு கணக்குச் செய்து பார்க்க எப்போது நேரம்? கணக்கு கேட்டு வருகிற பாடம் இல்லை. ஒரு மணித்தியாலம் கேட்டால் இரண்டு மணித்தியாலம் தனியாக இருந்து, பிழைத்து, அழித்து, திரும்பச் செய்ய வேண்டும்.

இரண்டு சேரிடம் படிப்பதில் இன்னொரு வில்லங்கம். கேத்திரகணித நிறுவலை ஒருவர் ஒரு ஒழுங்கில் எழுதச் சொல்வார், மற்றவர் வேறு ஒழுங்கில். இரண்டும் சரியாகவே இருக்கும், ஆனால் மகன் பரீட்சையில் பாதி இவரைப்போலும் பாதி அவரைப்போலும் எழுதி, ஏன் இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமன் என்ற காரணத்தை எழுத மறந்துவிடுவான். அந்தக் காரணத்துக்குத்தான் புள்ளி.

எதை நிற்பாட்டுவது என்று அவனையே கேளுங்கள், பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். "எந்த சேரிடம் விளங்கவில்லை என்று கை உயர்த்த உனக்குப் பயமில்லை?" என்று கேட்டால் உடனே சொல்வான், அவரை வைத்துக்கொள்ளுங்கள். செமினார் கடைசி இரண்டு மாதத்துக்குப் பார்க்கலாம். மிச்சப்படுகிற நேரத்தில் கிழமைக்கு ஒரு நாள், கடந்தகால இரண்டாம் பத்திரம் ஒன்றை மணிக்கூட்டை வைத்து முழுதாக எழுதட்டும், மூன்று மணித்தியாலம், ஏ பகுதியில் ஐந்து, பி பகுதியில் ஐந்து, தொலைபேசி உம்மாவிடம். கல்குலேட்டரைத் தொடக்கூடாது, மடக்கை அட்டவணைதான். ஐம்பதில் நிற்கிற பல பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் இல்லை, நேரம்தான் போதாமல் போகிறது, எட்டாவது கேள்வியோடு மணி அடித்துவிடும்.

கேள்வி: சேர், எங்கள் ஊரில் தரம் 11க்குக் கணித வகுப்பு இல்லை. களுவாஞ்சிகுடிக்குப் போவதென்றால் குருமண்வெளிப் பாதையில் (ஆட்களை ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவை) கடக்க வேண்டும். வகுப்பு முடிந்து வர இருட்டிவிடும், அம்மா பயப்படுகிறா. சூமில் படிக்கலாமா?
– ஒரு மாணவன், மண்டூர்

பதில்: மகன், அம்மா பயப்படுவது சரி. மாரிக்குக் காற்றும் மழையும் வந்தால் பாதை ஓடுமா என்று கரையில் நின்று பார்க்கிற நிலைமை, அதோடு வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரையில் பொழுதுபட்டால் யானைக் கரைச்சல் வேறு. மண்முனைப் பாலம் 2014இல் திறந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் லேசாகிவிட்டது, உங்கள் பக்கம் இன்னும் ஆற்றைக் கடக்கிற கதைதான். படுவான்கரைப் பிள்ளைகள் ரியூசனுக்கு இவ்வளவு தூரம் அலைய வேண்டியிருப்பது எனக்கு வயிற்றெரிச்சலான விசயம், அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

சூம் வகுப்பு பரவாயில்லை, ஒரு நிபந்தனையோடு. நீ செய்த கணக்கைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் திருத்தி அனுப்புகிற சேராக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் கமராவை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற வகுப்பென்றால் டேட்டா போவதுதான் மிச்சம். அதைவிட ஈ-தக்சலாவவில் இருக்கிற பாடங்களை வேண்டியபோது நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், அது கல்வி அமைச்சின் தளம், காசு இல்லை.

அப்புறம் உன் வகுப்பில் மூன்று நான்கு பேர் சேருங்கள், ஒரு வீட்டு விறாந்தை போதும். பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிற மதிப்பீட்டு அறிக்கையைத் தேடி எடுங்கள், பள்ளிக்கூடத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை புள்ளி, பிள்ளைகள் எங்கே பிழை விட்டார்கள் என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். ஒரே பேப்பரைத் தனித்தனியே செய்து, கொப்பியை மாற்றிக்கொண்டு, அந்தப் புள்ளித்திட்டத்தைப் பார்த்துத் திருத்துங்கள். சிநேகிதனின் பிழையைக் கண்டுபிடிக்கிறவனுக்குத் தன் பிழையும் தெரிய ஆரம்பிக்கும். மூன்று பேருக்கும் விளங்காத கணக்கை மட்டும் குறித்து வைத்துப் பள்ளிக்கூட சேரிடம் இடைவேளையில் கொண்டு போங்கள். ஒரு பிள்ளை இப்படிக் கணக்கோடு வந்து நின்றால் அனுப்பிவிடுகிற ஆசிரியர் குறைவு.

முதலில் தொடைகள், இருபடி வரைபு, மீடிறன் பரம்பலின் இடை, அமைப்பு, விருத்திகள் இவற்றைப் பிடியுங்கள். இரண்டாம் பத்திரத்தில் வழக்கமாக வருகிறவை, வருகிற விதமும் பெரிதாக மாறுவதில்லை. கவராயமும் அடிமட்டமும் நல்லதாக வாங்கு, ஆணி தளர்ந்த கவராயத்தால் வட்டம் கீறி ஐந்து புள்ளியை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

கேள்வி: மகள் பள்ளியில் கணிதத்தை ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். இங்கே கிடைக்கிற வகுப்பெல்லாம் தமிழில். சேர்க்கலாமா?
– ஒரு தாய், அக்கரைப்பற்று

பதில்: சேர்க்கலாம். விளங்குவது தமிழிலேயே நடக்கட்டும், ஆனால் வீட்டில் செய்கிற கடந்தகால வினாத்தாள்கள் மட்டும் ஆங்கில மொழிமூலத்துக்குரியவையாக இருக்கட்டும். கேத்திரகணிதத்தில் தேற்றத்தின் பெயரையும் காரணத்தையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதற்கு ஒரு சின்னக் கொப்பி வைத்து இடப்பக்கம் வகுப்பில் சொன்னது, வலப்பக்கம் பள்ளிப் புத்தகத்தில் உள்ளது என்று எழுதி வரச் சொல்லுங்கள்.