ரேடியோ செட் இல்லாமல் ஹாம் ரேடியோ கேட்பது எப்படி?

கேள்வி: ஹாம் ரேடியோ கேட்க ஆசை. செட்டும் இல்லை, உரிமமும் இல்லை. மொட்டை மாடியில் கம்பி கட்ட அசோசியேஷன் விடாது. இணையத்திலேயே கேட்கலாம் என்கிறார்களே, எங்கே தொடங்குவது? அப்படிக் கேட்டால் அது ரேடியோ கேட்பதாகுமா?

கேட்கலாம். உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானலையில் தங்களுக்குள் பேசிக்கொள்பவர்கள்தான் ஹாம்கள். அவர்களைக் கேட்க கம்ப்யூட்டரும் ஹெட்போனும் போதும். கைபேசியிலும் கேட்கும்; திரை சிறியது என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. இது கேட்பதற்கு மட்டும்தான். பேச வேண்டுமானால் தேர்வு எழுதி, தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் வாங்கியாக வேண்டும்.

நானும் உங்களைப் போல ஃபிளாட்வாசி, உரிமம் இல்லாத வெறும் கேட்பாளன். வீட்டில் ஒரு சின்ன ஷார்ட்வேவ் செட் இருக்கிறது. எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு சார்ஜர் எல்லாம் சேர்ந்து அதில் கிளப்பும் இரைச்சலைத் தாண்டி, 100 வாட்டில் பேசும் ஒரு மனிதரின் குரல் வந்து சேர்வது அபூர்வம். அதனால் என் கேட்பெல்லாம் அடுத்தவர் ஆன்டெனாவில்தான்.

முதலில் நெதர்லாந்துக்குப் போங்கள். என்ஸ்கெடே நகரில் ட்வென்டே பல்கலைக்கழகத்து வளாகத்தில் ஒரு வெப்எஸ்டிஆர் ரிசீவர், அதாவது இணையப் பக்கம் வழியே பலரும் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய ரிசீவர், இருக்கிறது. வெப்எஸ்டிஆர் மென்பொருளை எழுதிய பீட்டர்-ச்யெர்க் டெ பூர் வைத்திருப்பது. ட்விங்கெலூ என்ற ஊரில் உள்ள பழைய 25 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை ஹாம்கள் எல்லாரும் கேட்கும்படி செய்யலாமே என்று 2007-இல் பிறந்த யோசனை இது. நிலவில் பட்டுத் திரும்பும் ஹாம் சிக்னல்களைச் சின்ன ஆன்டெனா வைத்திருப்பவர்களும் கேட்கட்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். இன்று ட்வென்டே ரிசீவர் 0 முதல் 29.16 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தத்தையும் ஒரே நேரத்தில் டிஜிட்டலாக்கி வைத்துக்கொள்கிறது. ஆளாளுக்கு வேண்டிய இடத்தைப் பிரித்துக் கொடுப்பது வெறும் கணக்கு வேலை. ஆகவே நீங்கள் 7 மெகாஹெர்ட்ஸிலும் இன்னொருவர் 21-லும் இருக்கலாம். யாரும் யாருடைய டயலையும் திருப்புவதில்லை.

பக்கம் திறந்ததும் ஓடும் நீலப் பட்டைதான் வாட்டர்ஃபால். இடமிருந்து வலம் ஃபிரீக்வென்சி, மேலிருந்து கீழ் நேரம். 14 முதல் 14.35 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது 20 மீட்டர் பேண்ட் (அலைநீளத்தை வைத்துச் சொல்லும் பெயர்). அதன் மேல்பகுதியில் தடிமனாக, ஒழுங்கில்லாமல் தெரியும் பட்டைகள் பேச்சு. கீழ்ப்பகுதியில் மெல்லிய கோடுகள் மோர்ஸ், குறிலும் நெடிலுமான ஒலிகளால் எழுத்தைச் சொல்லும் சங்கேதம். 14.074-இல் கொத்தாக நிற்பவை எஃப்டி8, கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் 15 வினாடிக்கு ஒரு முறை விசிலடித்துக்கொள்வது. காதுக்கு அதில் ஒன்றும் இல்லை. பேச்சுப் பட்டையைச் சொடுக்கியதும் வாத்து கத்துவது போல் இருந்தால் பயப்பட வேண்டாம். பேச்சை அனுப்பும் முறை இரண்டு: யுஎஸ்பி (அப்பர் சைட்பேண்ட்), எல்எஸ்பி (லோயர் சைட்பேண்ட்). 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே யுஎஸ்பி, கீழே எல்எஸ்பி என்பது ஹாம்களின் வழக்கம். அதைச் சரிபார்த்துவிட்டு, துளித்துளியாக நகர்த்துங்கள். கொஞ்ச நேரத்தில் மனிதக் குரலாகிவிடும்.

புதிதாக வருபவர்கள் சலித்துப் போவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். இரவு 9 மணிக்கு 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) உட்கார்ந்து, "40 மீட்டரில் ராத்திரி உலகமே கேட்கும்னு சொன்னாங்க, வெறும் டச்சும் ஜெர்மனும்தான் வருது" என்பார்கள். நமக்கு இரவு 9 என்றால் குளிர்கால என்ஸ்கெடேயில் மாலை 4.30. பகல் முழுக்க 7 மெகாஹெர்ட்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்த டி அடுக்கு (ரேடியோ அலையை வளைத்துத் திருப்பும் அயனமண்டலத்தின் அடித்தட்டு) அங்கே இன்னும் முழுதாகக் கலைந்திருக்காது. உங்கள் காது இப்போது இருப்பது நெதர்லாந்தில். சூரியனையும் அங்கேதான் பார்க்க வேண்டும். நம்மூர் அதிகாலை 2 மணிக்கு அதே ரிசீவரைத் திறந்தால் ஆளே மாறியிருக்கும். தூங்க வேண்டியவர்கள் பிற்பகலில் 20 மீட்டரையோ 15 மீட்டரையோ (21 மெகாஹெர்ட்ஸ்) கேளுங்கள். அப்போது அங்கே முற்பகல், அந்த பேண்டுகள் விழித்திருக்கும் நேரம்.

இந்த விஷயம் கைவசப்பட ஒரு பயிற்சி சொல்கிறேன். என்னைக் கேட்டால் இணைய ரிசீவர்களின் அசல் ருசி இதில்தான். 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் 18 பீக்கன்கள் (பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) வரிசையாக முறை வைத்து ஒலிக்கின்றன, ஆளுக்கு 10 வினாடி. ஒரு சுற்று 3 நிமிடம். அதில் ஒன்று கொழும்பில் இருக்கிறது, பெயர் 4எஸ்7பி. மோர்ஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கடிகாரமே சொல்லிவிடும். 3-ஆல் வகுபடும் எந்த நிமிடத்திலிருந்தும் ஒன்றரை நிமிடம் கழித்து கொழும்பின் முறை. அதற்கு முந்தைய 10 வினாடி ஹாங்காங், பிந்தையது தென்னாப்பிரிக்கா. உலக நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் இடைவெளி 330 நிமிடம், அதுவும் 3-ஆல் வகுபடுவதால் நம் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. இணையத்தில் ஒலி ஓரிரு வினாடி தாமதமாக வரும், அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர் வரும்: நாலு குறில் ஒரு நெடில், மூன்று குறில், இரண்டு நெடில் மூன்று குறில், ஒரு நெடில் மூன்று குறில். பின் நீளமாக நான்கு கோடுகள். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசி 0.1 வாட். எத்தனை கோடு காதுக்கு எட்டுகிறது என்பதை வைத்தே பாதை எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதே 10 வினாடியை ஜப்பானில் ஒரு ரிசீவரிலும் ஆஸ்திரேலியாவில் ஒரு ரிசீவரிலும் அடுத்தடுத்த சுற்றில் கேளுங்கள். ஒரு இடத்தில் மூன்று கோடு, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. லட்சக்கணக்கில் செலவழித்து மாடியில் பெரிய ஆன்டெனா நிறுத்திய ஹாமுக்கும் அவர் வீட்டிலிருந்து கேட்பது ஒரே ஒரு காது. உங்களுக்கு நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சில சமயம் ஏதாவது ஒரு பீக்கன் பழுதாகி மெளனமாக இருக்கும். எங்கேயும் எதுவும் வரவில்லையென்றால் பழி அயனமண்டலத்தின் மேல் இல்லாமலும் இருக்கலாம்.

பல ஊர் ரிசீவர்களுக்கு கிவிஎஸ்டிஆர் வரைபடத்தைத் தேடிப் பிடியுங்கள். கிவி என்பது கையடக்கமான ஒரு ரிசீவர் சர்க்யூட் பலகை, தனியார் வீடுகளில் இருப்பது, 0 முதல் 30 மெகாஹெர்ட்ஸ். எஃப்டி8-ஐயும் மோர்ஸையும் எழுத்தாக்கிக் காட்டும் வசதி அதிலேயே உண்டு. ஜிபிஎஸ் நேரத்தை வைத்து, ஒரே சிக்னல் சில கிவிகளுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு அது எந்தப் பக்கமிருந்து புறப்பட்டது என்றும் கணக்கிடும்.

சூரியனோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு கியூஓ-100 இருக்கிறது. 2018-இல் ஏவிய கத்தார் செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று ஒதுக்கிய பகுதி. பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை அதன் வீச்சு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் கூன்ஹில்லி நிலையத்தில் அதற்கென்றே ஒரு வெப்எஸ்டிஆர் உண்டு. எந்த நேரமும் தெளிவான பேச்சு. காது பழகுவதற்கு நல்லது. எனக்கென்னவோ அந்தத் தெளிவே கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

இது ரேடியோ ஆகுமா என்ற கேள்விக்கு: ஹாம்களுக்குள் இது தீராத சண்டை. சிக்யூ வேர்ல்ட் வைட் என்ற ஹாம் தொடர்புப் போட்டியில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கே பேசிவிட்டு ஹாலந்தில் கேட்டால் செல்லாது. நியாயம்தான், அவர்கள் எண்ணுவது தொடர்புகளை. நாம் எதையும் எண்ணவில்லை. அலை வானத்தில் வளைந்து வந்துதான் அந்த ஆன்டெனாவைத் தொட்டது. அங்கிருந்து என் காதுவரை கேபிளில் வந்ததால் அது வேறு ஏதோவாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

தமிழில் கேட்க வேண்டுமா? 7 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்குள் காலை நேரத்தில் இந்திய ஹாம்கள் கூடிப் பேசுவது வழக்கம். நடுவே தமிழும் காதில் விழும். பகலில் அந்த பேண்ட் சில நூறு கிலோமீட்டர்தான் எட்டும் என்பதால் ட்வென்டே உதவாது, இந்தியாவிலோ இலங்கையிலோ உள்ள கிவி ஏதாவது அன்றைக்கு வரைபடத்தில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கிவியில் பெரும்பாலும் நான்கு பேருக்குத்தான் இடம். கேட்டு முடித்ததும் டேபை மூடிவிடுங்கள். பலர் திறந்தபடியே விட்டுவிட்டு சாப்பிடப் போய்விடுகிறார்கள்.