புதிய புற்றுநோய் மருந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு வழி. கிடைத்த பொருளையெல்லாம் புற்றுநோய் செல்கள் மேல் போட்டு, எது கொல்கிறது என்று தேடுவது ஒன்று. அந்த செல் ஏன் அடங்காமல் பெருகுகிறது என்று முதலில் கண்டறிந்து, அதைத் தடுக்கிற மாதிரி மருந்து செய்வது இன்னொன்று.

முதல் வழியில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. 1950களில் கனடாவில் நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன, வெள்ளை அணுக்கள் அளவுமீறிப் பெருகுகிற புற்றுநோய்க்கு இது உதவலாமே என்று போய், அப்படி வந்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. ஆனால் இந்த வகை மருந்துகள் வேகமாகப் பிரிகிற நல்ல செல்களையும் அடிக்கும். முடி கொட்டுவது அதனால்தான்.

இரண்டாவது வழிக்கு இமாட்டினிப் என்ற மாத்திரை நல்ல உதாரணம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் ஒரு புதுப் புரதம் உருவாகி, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் கட்டளையிடுகிறது. ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்ட பைக் மாதிரி. பைக்கை உடைக்காமல் அந்த கேபிளை மட்டும் சரிசெய்யப் பார்க்கிறது இந்த மருந்து. எப்படி என்றால், அந்தப் புரதம் வேலை செய்ய ஏடிபி என்ற, செல்லுக்குச் சக்தி தருகிற மூலக்கூறு வந்து உட்கார வேண்டிய பள்ளத்தில் இது முந்திப் போய் உட்கார்ந்துவிடும். குரோமோசோம் கோளாறு கண்ணில் பட்டது 1960இல், அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 2001இல். நாற்பது வருஷம்!

அப்புறம், நித்தியகல்யாணியிலிருந்து மருந்து வருகிறது என்பதற்காக அதன் இலையை அரைத்துக் குடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். செடி நச்சு, அதிலிருந்து பிரித்தெடுத்து அளவோடு நரம்பில் ஏற்றுவதுதான் மருந்து.