ஆத்தங்குடிக் கல், ஜாலிச் சுவர்: வாங்கும் முன் கொத்தனாரிடம் பேசுங்கள்

கேள்வி: திருச்சியில் வீடு கட்டுகிறோம். ஹால் தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும், மேற்கு பார்த்த மாடிப்படிச் சுவருக்கு டெரகோட்டா ஜாலியும் (காற்று வரத் துளைகள் விட்ட சுட்ட மண் கல்) வைக்க ஆசை. கறை பிடிக்கும், மழை அடிக்கும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் கல் வாங்க, அது தயாராகும் காரைக்குடிப் பக்கம் வண்டியேறும் முன், கல்லைப் பதிக்கப்போகிறவர் யார் என்று முடிவுசெய்யுங்கள். ஆத்தங்குடித் தரை பாழாவது பெரும்பாலும் பதிக்கிற வாரத்தில்தான்.

இது சூளையில் சுட்ட கல் அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாகக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை உருவியதும் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் ஈரக்கலவையை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வெளியே வரும்போது கண்ணாடி கழன்றுகொள்ளும். அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான் பளபளப்பு. மேற்பூச்சு எதுவும் கிடையாது. அதனால்தான் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் தடம் பதித்துவிடுகின்றன. சமையலறை, குளியலறைத் தரைக்கு இது வேண்டாம். ஹாலுக்கு, பூஜை அறைக்கு, திண்ணைக்கு இதைவிட அழகானதை நான் சொல்ல மாட்டேன்.

விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்துப் பழகியவர்கள் வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். ஆத்தங்குடிக் கல்லின் மினுமினுப்பு அந்த ஒரு கழுவலிலேயே போய்விடும். பாலிஷ் இயந்திரமும் வேண்டாம். இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்து, வழியும் சிமெண்ட் பாலை ஈரம் காயும் முன் துடைத்தாலே போதும். கல்லின் கனம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், வழக்கமான டைல்ஸைப் போல இரண்டு மடங்கு. பக்கத்து அறைத் தரைமட்டத்தையும் கதவு உயரத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் கதவை இழைக்க ஆசாரியைத் தேட வேண்டியிருக்கும். கையால் செய்வதால் நிறம் சற்று மாறும். நான்கைந்து அடுக்குகளிலிருந்து கலந்து எடுத்துப் பதித்தால் கண்ணுக்குத் தெரியாது. தரைவேலையைப் பெயிண்டிங்குக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில மாதங்களில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பதற வேண்டாம். அடித்தளத்து ஈரம் வெளியேறுகிறது; உலர்ந்த துணியால் துடைத்துவாருங்கள். ஈரம் அடங்கிய பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தேய்க்கலாம். மீதியை வீட்டாரின் பாதங்கள் பார்த்துக்கொள்ளும்.

இனி ஜாலி. மேற்குச் சுவர் சரியான இடம். மாலை வெயில் சாய்வாக வருவதால், துளையின் அகலத்தைவிட ஆழம் கூடுதலாக உள்ள கல்லாகப் பார்த்து எடுங்கள். மெல்லிய கல் அழகுக்கு மட்டும்தான். ஜாலி பாரம் தாங்காது: மேலே பாரம் தாங்க லிண்டல் (கான்கிரீட் உத்தரம்) வேண்டும், சுவர் உயரமானால் இடையில் கான்கிரீட் பட்டை கொடுத்துப் பிரித்துவிடுங்கள். மாடிப்படியின் உச்சியில், எதிர்ப்பக்கம், ஒரு திறப்பு இல்லையென்றால் காற்று வராது. சூடான காற்று அந்த வழியாக மேலேறி வெளியேறினால்தான் ஜாலி வழியே புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும்.

சாரல் அடிக்கத்தான் செய்யும், உறவினர்கள் சொல்வது பொய்யில்லை. மேலே இரண்டடி சன்ஷேட் போட்டு, ஜாலியின் அடிக்கட்டையை வெளிப்புறம் சரித்துப் பூசச் சொல்லுங்கள். அந்த இடத்துப் படிகளுக்குச் சொரசொரப்பான கல் போடுங்கள். கொசுவலையைச் சுவரோடு ஆணியடித்துவிடாமல் கீல் வைத்த சட்டமாக உட்புறம் மாட்டுங்கள். துளைகளில் சேரும் தூசியையும் குளவிக்கூட்டையும் அவ்வப்போது திறந்து சுத்தம் செய்ய அதுதான் வசதி.