பனிப்பிளவு மீட்பு: சிங்கப்பூரில் எவ்வளவு கற்கலாம், பனியில் எதைக் கற்க வேண்டும்?

ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “நானும் இரண்டு தோழிகளும் மலேசியாவின் கினபாலு மலை ஏறியிருக்கிறோம். அடுத்த ஆண்டு நேப்பாளத்தின் ஐலண்ட் பீக் சிகரத்துக்குப் போக ஆசை. பனியாற்றில் கயிறு கட்டி நடப்பதையும், பிளவில் விழுந்தவரை மீட்பதையும் அடிவார முகாமில் ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடுவதாகப் பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். அது போதுமா? இங்கேயே பழகிக்கொள்ள வழி உண்டா?”

போதாது. அந்த முகாம் 5,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தலைவலியும் தூக்கமின்மையுமாக அங்கே போய்ச் சேருபவருக்குப் புதிய முடிச்சு மனத்தில் தங்காது. கிடைக்கும் சில மணி நேரமும், ஏற்கெனவே கட்டிவைத்த கயிற்றில் ஜூமார் கருவியைப் பிடித்து ஏறுவதிலும் இறங்குவதிலும் போய்விடும். உச்சிக்கு அது உதவும். உங்களில் ஒருவர் பிளவுக்குள் போய்விட்டால் மற்ற இருவரும் என்ன செய்வது என்பதை அது சொல்லித்தராது. கினபாலுவின் 4,095 மீட்டரும் இதற்கு ஈடாகாது. அங்கே இருப்பது கருங்கல், பனியாறு இல்லை.

கயிற்று வேலையின் பெரும்பகுதியை இங்கேயே கற்கலாம். உள்ளரங்கப் பாறையேற்ற மையம் ஒன்றில் அனுமதி கேட்டு, மேலிருந்து ஒரு பாதுகாப்புக் கயிறும் போட்டுக்கொண்டு, புருசிக் முடிச்சால் ஏறிப் பழகுங்கள். பாரம் விழுந்தால் கயிற்றை இறுகப் பற்றும், பாரம் இல்லாதபோது நகர்த்த முடியும் முடிச்சு அது. ஆறு மில்லிமீட்டர் கயிற்றில் இரண்டு சுருக்குகள். மேல் சுருக்கு இடுப்பு ஹார்னெஸில், நீளமான கீழ்ச் சுருக்கு காலில். காலை ஊன்றி எழுந்து மேல் முடிச்சை நகர்த்துங்கள். உட்கார்ந்து கீழ் முடிச்சை நகர்த்துங்கள். இரண்டு மீட்டருக்குள் மூச்சு வாங்கினால் பெரும்பாலும் கால் சுருக்கின் நீளம்தான் சரியில்லை. ஆளுக்கு ஆள் அது மாறும், இங்கேயே அளந்து முடித்துவிடுங்கள். அடுத்து முதுகுப்பையோடு முயலுங்கள். பை உங்களைப் பின்னோக்கிச் சாய்க்கும். அதைக் கழற்றிக் கீழே தொங்கவிடத்தான் பையில் ஒரு வார் கட்டிவைக்கிறோம். இதையெல்லாம் தடித்த கையுறையோடு செய்ய வேண்டும். வீட்டில் ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் கையை நனைத்து எடுத்துவிட்டு அதே முடிச்சைப் போட்டுப் பாருங்கள். எது கைவந்திருக்கிறது, எது வரவில்லை என்பது உடனே தெரியும்.

தூக்கும் முறையையும் தரைமட்டத்தில் பழகலாம். கிணற்றுக் கப்பி இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும், பாரத்தைக் குறைக்காது. கப்பி பாரத்தோடு சேர்ந்து நகரும்போதுதான் பலன் கிடைக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்னும் அமைப்பில் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு விசை போதும். ஆனால் கப்பிக்குப் பதில் வெறும் காராபைனரை (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி) போட்டால் உராய்வே பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆகவே ஆளுக்கு ஒரு நல்ல கப்பி வாங்குங்கள். வேறெதில் வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள்.

இங்கே கற்க முடியாதவையும் உண்டு. மீட்பின் உயிர்நாடியே அவைதான். விழுபவரின் இழுப்பைப் பனியில் படுத்துத் தாங்குவது, கிராம்பான் (காலணிக்கு அடியில் மாட்டும் உலோக முட்கள்) மாட்டிய காலோடு நடப்பது, பனிக்குள் நங்கூரம் அமைப்பது ஆகியவற்றைச் சொல்கிறேன். நங்கூரத்துக்கு, இழுவிசைக்குக் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டி, பனிக்கோடரியைப் படுக்கவைத்து, அதன் நடுவில் கட்டிய வாரைப் பிளவை நோக்கிய குறுகிய வாய்க்கால் வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். புதியவர்கள் அவசரத்தில் பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் பனியையே மிதித்துச் சிதைத்துவிடுகிறார்கள். பாரத்தைத் தாங்கப்போவது அந்தப் பனிதான். வார் மேல்நோக்கி இழுபட்டால் கோடரி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இதையெல்லாம்விட நான் வலியுறுத்துவது கயிற்றின் இறுக்கத்தைத்தான். மூவர் குழு என்றால் ஒருவருக்கொருவர் ஏறத்தாழ 12 முதல் 15 மீட்டர் இடைவெளி. கயிறு பனியை லேசாகத் தொட்டபடி இருக்கலாம், தொய்வு கூடாது. கையில் சுருட்டிப் பிடிப்பது அறவே வேண்டாம். இறுக்கமாக இருந்தால், பனிப்பாலம் உடைந்தாலும் முன்னவர் இடுப்பளவோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். தொய்வு இருந்தால் அவர் ஆழத்துக்குப் போவார், கயிறு விளிம்புப் பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதையும், அதன் பிறகு எத்தனை கப்பி போட்டாலும் இழுப்பது பெரும்பாடு. விளிம்பில் கயிற்றுக்கு அடியில் பையோ கோடரியோ வைப்பது இதற்காகத்தான். வைத்ததைக் கட்டிவையுங்கள், கீழே இருப்பவர் தலையில் விழக் கூடாது. பிளவுகளை நேர்குறுக்காகக் கடப்பதும், பாலங்கள் வெயிலில் இளகுவதற்குள் அதிகாலையிலேயே நடந்து முடிப்பதும் இதே வரிசையில் சேரும். புதுப்பனி மூடிய பனியாற்றில் பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது. “வானம் தெளிவாக இருக்கிறது, கயிறு வேண்டாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கே கற்பது? என் தேர்வு நியூசிலாந்து. அங்கே பனியாறுகள் தாழ்ந்த உயரத்திலேயே இருக்கின்றன. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான அவோராக்கியே (மவுண்ட் குக்) 3,724 மீட்டர்தான். மூச்சுத்திணறல் இல்லாமல் ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். நவம்பர் முதல் மார்ச் வரையிலான கோடையில் ஒரு வாரம், பத்து நாள் வகுப்புகள் நடக்கும். ஆண்டு விடுப்புக்குள் அடங்கும். நேரம் இருப்பவர்களுக்கு 1954இல் தொடங்கிய டார்ஜிலிங் இமாலய மலையேற்றக் கழகமும், 1965இல் தொடங்கிய உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகமும் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சியே ஏறத்தாழ நான்கு வாரம். மிக உறுதியான அடித்தளம் கிடைக்கும். எங்கே சேர்ந்தாலும் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், அவரிடம் சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா, ஒவ்வொருவரும் தம் கையால் முழு மீட்பையும் செய்து பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் வேறிடம் பாருங்கள்.

மலைகளே இல்லாத ஊரில் இருக்கிறோமே என்று தயங்க வேண்டாம். புக்கிட் தீமா 164 மீட்டர்கூட இல்லை. இருந்தும் 1998 மே மாதம் சிங்கப்பூர்க் குழு எவரெஸ்ட் உச்சியைத் தொட்டது. உடல் வலுவுக்கு மின்தூக்கியை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து கிலோ பையோடு உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் படிகளில் ஏறுங்கள். இறங்குவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்தலாம், முழங்கால் தப்பிக்கும்.

பணம் கட்டுமுன் பயணக் காப்புறுதியின் விலக்குப் பட்டியலையும் படித்துவிடுங்கள். கயிறு கட்டி ஏறும் மலையேற்றத்தையும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட மீட்பையும் சாதாரணத் திட்டங்கள் பல ஏற்பதில்லை. ஹெலிகாப்டர் செலவு உள்ளடங்கியதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.